டியர்டிராப் டிரெய்லருக்குக் கூடுதல் வெளிச்சம்: ஒட்டுகிற விளக்கா, ஒயர் இழுப்பதா?

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற சின்ன டியர்டிராப் டிரெய்லர்களில் (கண்ணீர்த்துளி வடிவில், உள்ளே படுத்துத் தூங்குகிற முகாம் வண்டி) பல, படுக்கைக்கு மேலே ஒரு விளக்கு, பின்கதவைத் தூக்கினால் வரும் சமையல் மேடைக்கு இன்னொன்று என்பதோடு நின்றுவிடும். இருட்டிய பிறகு வெங்காயம் நறுக்கினால் நம் தலையின் நிழல்தான் பலகையில் விழும்.

செல் போட்டு ஒட்டுகிற வட்ட விளக்கு மலிவு, துளை போடும் வேலையும் இல்லை. வாடகை வண்டிக்கு இதுவே போதும். சொந்த வண்டிக்கு எனக்குப் பிடிக்காது: செல் தீரத் தீர மங்கிக்கொண்டே போகும், வெயிலில் நின்ற வண்டியில் பசை இளகி நடுராத்திரி மேலே விழும். யுஎஸ்பி-யில் சார்ஜ் ஆகிற காந்த விளக்கு எவ்வளவோ மேல், ஆனால் அலுமினியத் தகட்டில் காந்தம் ஒட்டாது, பார்த்து வாங்குங்கள்.

டிரெய்லரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே எல்இடி பட்டை போடலாம் என்றால், பேட்டரி காலியாகிவிடுமே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. கணக்கைப் பாருங்கள். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் பட்டையில் 2 மீட்டர் ஒட்டினால் மொத்தம் 0.8 ஆம்பியர்தான், நான்கு மணி நேரம் எரிந்தாலும் 3 ஆம்பியர்-மணிக்குச் சற்று மேலே. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டாலும் இது ஒன்றுமே இல்லை. பழைய வண்டியில் 921 ரக குண்டு பல்பு இருந்தால் அது ஒன்றே 1.4 ஆம்பியர் தின்னும், அதை எல்இடி-யாக மாற்றினாலே புதுப் பட்டைக்கான கரண்ட் மிச்சமாகிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14-ஐத் தாண்டும்; சரியாக 12-க்கென்றே செய்த மலிவுப் பட்டை சூடாகிச் சீக்கிரம் போய்விடும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்காக வாங்குங்கள், இல்லையென்றால் வோல்டேஜை 12-லேயே நிறுத்தும் ஒரு ரெகுலேட்டரை நடுவில் போடுங்கள். அப்புறம் ஃபியூஸ் பேட்டரி பக்கம்தான் இருக்க வேண்டும். விளக்குப் பக்கம் வைத்தால், வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

120 வோல்ட் சீரியல் விளக்கு அழகுதான், மின் இணைப்பு உள்ள முகாமில் மட்டும். கேஸ் லாந்தரை உள்ளே ஏற்றவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

என் தேர்வு: உள்ளேயும் சமையல் மேடைக்கும் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயலில் எரியும் பட்டை, கூட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர். வெளியே மேசைக்குச் சார்ஜ் விளக்கு, அதுவும் மஞ்சளாக, ஏனென்றால் நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சி அதிகம் வரும்.