ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே ஒரு பள்ளம்: ஹெரால்டுக்கு வெட்டி வாங்கிய கியர் செட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் என் 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குப் புதிதாக கியர் வெட்டி வாங்கினேன். மாட்டி நான்கு மாதம் ஆகிறது, 2,300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நல்லது கெட்டது சொல்ல இப்போதுதான் எனக்குத் தகுதி. பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். "ஒத்தைப் பீஸ் வேலைன்னு நாலு பேர் வந்து நின்னா என் ரெகுலர் ஆர்டர் கெட்டுப்போயிடும் சார்."

வண்டி அப்பாவுடையது. ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை முன்பக்கத்தை மொத்தமாகத் தூக்கித் திறந்து, முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து பிளக் துடைப்பார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாக வந்த வண்டி, 1961-ல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் பெயரில் தயாராக ஆரம்பித்தது. அதே வருடம் இங்கிலாந்தில் எஞ்சினை 1,147 சிசி ஆக்கிக்கொண்டார்கள். நமக்கு, 1972-ல் வந்த கேஸல் மாடல் வரைக்கும், அதே 948 சிசி. நாம் என்ன பாவம் செய்தோமோ!

இந்த 948-ஐத்தான் நான் கொஞ்சம் முடுக்கி வைத்திருக்கிறேன். ஹெட்டை மழித்து கம்ப்ரஷன் ஏற்றியாயிற்று, இரட்டை எஸ்யூ கார்ப்புரேட்டர் மாட்டியாயிற்று, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் திரும்ப அரைத்தாயிற்று. விளைவு, நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்குக் கீழே தூங்கும். அதற்கு மேல் 5,500 வரை பிய்த்துக்கொண்டு போகும். மூன்றே பேரிங் வைத்த கிராங்க் என்பதால் அதற்கு மேல் நான் மிதிப்பதில்லை.

வம்பு இங்கேதான் ஆரம்பித்தது. பழைய கியர் பாக்ஸில் முதல் கியர் 4.27 (வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு தடவை சுற்ற எஞ்சின் 4.27 தடவை சுற்றும்), இரண்டாவது 2.46, மூன்றாவது 1.45, டாப் நேரடி. இரண்டாவதில் 5,500 வரை இழுத்துவிட்டு மூன்றாவது போட்டால் சுற்று 3,240-க்கு விழும். அதாவது கேம் தூங்கும் இடத்தில். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி மூச்சு வாங்கி ஏறுகிற மாதிரி இருக்கும். கத்திப்பாரா மேம்பாலத்தில் பின்னால் எம்டிசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது இந்தப் பள்ளம் ரொம்ப நீளமானது.

கேட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது, "கிரவுன் பினியனை மாத்துங்க." பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் கடைசிப் பல் ஜோடி அது. என் வண்டியில் இருப்பது 39-க்கு 8 பல், அதாவது 4.875. பெரிய எஞ்சின் வண்டிகளில் வந்தது 37-க்கு 9, அதாவது 4.11. என் டயரைச் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டிப் பார்த்ததில் ஒரு சுற்றுக்கு 177 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இப்போது எஞ்சின் சுமார் 4,600 சுற்று. 4.11 போட்டால் 3,870. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காதுக்கு சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிரவுனை மாற்றினால் நான்கு கியரும் சேர்ந்தே நகரும். நடுவிலிருக்கும் பள்ளம் அப்படியே கூட வரும். 3,240-ல் விழுகிற எஞ்சின், 3,240-லேயே விழும். போதாததற்கு டாப்பில் ஏறவும் சிரமப்படும். என் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அதைத்தான் போட்டார். நான்கு பேர் உட்கார்ந்தால் அவர் வண்டிக்கு டாப் கியர் என்பது இறக்கத்துக்கு மட்டும்.

நான் தேடியது வேறு. 1,147 சிசி ஹெரால்டில் கம்பெனி போட்டது 3.75, 2.16, 1.39. பழையதோடு வைத்துப் பார்த்தால் முதலும் இரண்டும் ஒரே அளவு, நூற்றுக்குப் பன்னிரண்டு இறங்கியிருக்கும். மூன்றாவது நூற்றுக்கு நான்குதான். ஏன் என்று பாக்ஸைத் திறந்தால் புரியும். டாப் தவிர எல்லா கியரும் இன்புட் ஷாஃப்டின் பல்லிலிருந்து கீழே இருக்கும் கிளஸ்டருக்கு, அதாவது ஒன்றாகச் சேர்ந்த பல் சக்கரக் கொத்துக்குப் போய்த்தான் மேலே வருகிறது. அந்த முதல் ஜோடியை மாற்றினால் மூன்று கியரும் ரிவர்ஸும் ஒரே விகிதத்தில் மாறும். பிறகு மூன்றாவதற்கு மட்டும் தனி ஜோடி. இந்த செட்டில் 5,500-ல் மாற்றினால் மூன்றாவது 3,540-ல் பிடிக்கும். கேம் விழிக்கிற இடம் 3,500. முந்நூறு சுற்றுக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், அந்த முந்நூறுக்குத்தான்.

லண்டன் பக்கமிருந்து பழைய பாக்ஸே வரவழைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கட்டி அறுபது வருடம் தேய்ந்த பல்லை வாங்க மனசு வரவில்லை. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் மூன்று சனிக்கிழமை அலைந்ததில் இரண்டு சிங்க்ரோ ரிங்கும் (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) ஒரு கியர் லீவர் குமிழும் கிடைத்தன. குமிழ் அழகாக இருக்கிறது.

பட்டறைக்கு வருவோம். மொத்தம் மூன்று உருப்படி: இன்புட் ஷாஃப்ட், கிளஸ்டர், மூன்றாவது கியர். முதலும் இரண்டாவதும் பழையதே. இரண்டு ஷாஃப்டுக்கும் நடுத்தூரம் ஹவுஸிங்கில் நிரந்தரமாக இருப்பதால் பல் எண்ணிக்கையை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பட்டறைக்காரர் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டே ஒரு மணி நேரம் போனது. பந்தயத்துக்குப் போடுகிற மாதிரி நேர்ப்பல் வெட்டலாமா என்று கேட்டேன். "சைடு தள்ளு இருக்காது, பலம்தான். ஆனா கத்தும். அம்மா வண்டியில ஏற மாட்டாங்க." சாய்ந்த பல்லே வெட்டச் சொன்னேன். கிளஸ்டரில் பற்கள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்பதால் ஹாபிங் கட்டர் வெளியேற இடமில்லை. ஷேப்பிங் மெஷினில்தான் வெட்டினார்கள். உலோகம் 20எம்என்சிஆர்5 என்ற கியர் எஃகு. வெட்டியபின் கேஸ் ஹார்டனிங்குக்கு, அதாவது சூடேற்றி மேல்தோலைக் கடினமாக்க, வெளியே அனுப்பினார்கள்.

அங்கேதான் இடி. மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் ஆனது. சூடேற்றி வந்த முதல் இன்புட் ஷாஃப்ட் கோணியிருந்தது. டயல் கேஜில் வைத்ததுமே முள் ஆடியது. அதை என்னிடம் மறைக்காமல் காட்டி, தன் செலவில் இன்னொன்று வெட்டினார் பாருங்கள், அதற்காகவே நான் திரும்பவும் அங்கே போவேன். ஆனால் ஃபோன் எடுக்க மாட்டார். நேரில் போய் நின்றால்தான் உண்டு.

எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய். கழற்றி மாட்டும் கூலி தனி. ஹெரால்டில் அந்தக் கூலி குறைவுதான். நடு டனல் அட்டையை எடுத்துவிட்டால் பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். என் மெக்கானிக் முன் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வேலையை முடித்தார்.

ஓட்டிப் பார்த்தால்? இரண்டாவது இப்போது 55 கிலோமீட்டர் வரை போகிறது, முன்பு 48-லேயே அலறும். சென்னைக்குள் நம் வேகமே அதுதானே. கிண்டியிலிருந்து பல்லாவரம் வரை இரண்டும் மூன்றுமாக ஓட்டினால், கியர் மாறியதே முதுகுக்குத் தெரிவதில்லை. பள்ளம் மூடிவிட்டது. மூன்றாவதில் காலை எடுக்கும்போது மட்டும் மெல்லிசாக ஒரு ஊளை. கொசு காதருகே வந்து போகிற மாதிரி. முதல் ஆயிரம் கிலோமீட்டரில் பாதி குறைந்தது, மீதி அப்படியே இருக்கிறது.

இனி குறை. எங்கள் அடுக்குமாடியில் நிறுத்துமிடம் கீழ்த்தளத்தில். ரிவர்ஸும் நீண்டுவிட்டதால், பின்னோக்கியே சரிவில் ஏறி வெளியே வரும்போது கிளட்ச் வாடை லேசாக அடிக்கிறது. வாட்ச்மேன் அண்ணன் தினமும் மூக்கைச் சுருக்குகிறார்.

பெரிய குறை ஏலகிரியில் தெரிந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, வண்டியில் நான், மனைவி, மச்சான், அவர் பெட்டி. வளைவில் 25-க்கு இறங்கினால் இரண்டாவதில் எஞ்சின் 2,500 கூட இல்லை. பழைய பாக்ஸில் 2,800 இருந்திருக்கும், முக்கி முனகி ஏறியிருக்கும். இப்போது முதல் கியருக்கு வந்தே ஆக வேண்டும். ஹெரால்டில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவே ஆக்ஸிலேட்டரைத் தட்டி, பல்லோடு பல் பேசவைத்துப் போட வேண்டும். ஐந்தாவது வளைவில் தப்பினேன். எழுந்த சத்தத்துக்கு மச்சான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எட்டாவதுக்குப் பிறகு கை பழகிவிட்டது. மலைக்குக் குடும்பத்தோடு அடிக்கடி போகிறவர்கள் இந்த செட்டைப் போடாதீர்கள். பழைய 2.46-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை முடுக்காமல் கம்பெனி நிலையிலேயே வைத்திருப்பவர்களுக்கும் இது வேண்டாம். அந்தக் கேமுக்குப் பள்ளமே பெரிதாகத் தெரியாது.

போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கியர் பாக்ஸ் எண்ணெய் ஜிஎல்-4 வகையில் 80டபிள்யூ-90 மட்டும். கடையில் ஜிஎல்-5-ஐ எடுத்து நீட்டி "இது இன்னும் ஒசத்தி" என்பார்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும். புதுப்பேட்டையில் அதற்காக நான் எத்தனை சனிக்கிழமை அலைந்தேன் என்பது மேலே இருக்கிறது.

ஐந்து நட்சத்திரத்தில் பட்டறைக்கு நான்கு, ஃபோனுக்கு ஒன்று. போன வாரம் நேரில் போய் இரண்டாவது கியருக்கு மட்டும், முதலுக்குக் கொஞ்சம் நெருக்கமாக, 2.3 அளவில் ஒரு ஜோடி வருமா என்று கேட்டேன். கிளஸ்டரையே திரும்ப வெட்ட வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே பள்ளம் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடுமே சார், பரவாயில்லையா என்றும் கேட்டார். பதில் சொல்லாமல் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.