கேஷ் லேன் என்று ஒரு லேன் கிடையாது

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போனோம். ரோட்டைக் குறை சொல்ல மனசு வராது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் டோல்கேட் போர்டு மேல்தான்.

வண்டி ஓட்டியது மாமா பையன். பாதி வழியில் ஃபாஸ்டேக்கில் பணம் தீர்ந்துவிட்டதாக மெசேஜ். “விடுங்க அத்தான், கேஷ் லேன்ல போயிருவோம்” என்றான். அவன் சொன்னதுபோலவே அடுத்த டோல்கேட்டில், கூரைக்கு மேல் ‘ரொக்கம்’ என்று பெரிய போர்டு, கீழே அம்புக்குறி. வலது ஓரத்தில் இருந்தவன் இரண்டு லாரிக்கு நடுவே வண்டியை நுழைத்து, பின்னால் வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தான்.

கையில் ஸ்கேனரோடு ஒரு பையன் வந்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேக்கில் காட்டினான், துடைத்துவிட்டு மறுபடி காட்டினான். “பேலன்ஸ் இல்ல சார். கேஷ்னா டபுள், யுபிஐன்னா ஒண்ணே கால்.”

“கேஷ் லேன்னு போட்டிருக்கே தம்பி?”

“அது பழைய போர்டு சார்.”

2021 பிப்ரவரியிலேயே நேஷனல் ஹைவேயில் எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன் ஆகிவிட்டது. 2025 நவம்பர் 15 முதல், டேக் வேலை செய்யாவிட்டால் 100 ரூபாய் கட்டணத்துக்கு ரொக்கமாக 200, யுபிஐயில் 125 என்று விதி வந்தது. விதியில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காசு கொடுத்தால் இரட்டிப்பாகப் பிடுங்குகிற இடத்தில் ‘ரொக்கம்’ என்று கூப்பிட்டு உட்காரவைப்பது என்ன நியாயம்? இந்த டபுள், ஒண்ணே கால் கணக்கை எழுதிய தாள் ஒன்றும் இருந்தது, பூத் கண்ணாடியில், பணம் கட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில். அங்கே போனபின் திரும்ப வழி ஏது, பின்னால் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்த காலமே தேவலை.

ஓசியில் போகிற வழிக்கும் இதே கதிதான். டூ வீலருக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்தில் ஒடுக்கமான பாதை உண்டு. நாங்கள் பார்த்த இடத்தில் தூரத்து போர்டில் இடதுபக்கம் அம்பு மட்டும். பைக் படம் பாதையின் வாயில்தான். எங்களுக்கு முன்னால் ஒரு கார் அதை நம்பிப் போய், சிமென்ட் கட்டைக்கு நடுவே நின்று, முப்பது பைக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு ரிவர்ஸ் வந்தது. சர்வீஸ் ரோடு இன்னும் மோசம். பச்சை போர்டில் ஊர் பெயர் இருக்கும். அந்தப் பக்கம் டோல் உண்டா இல்லையா என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் வெளிச்சம்.

கனடாவில் டொராண்டோ பக்கம் 407 என்று ஒரு டோல் ரோடு இருக்கிறது. 1997-இல் திறந்தபோதே பூத் கிடையாது, கேட் கிடையாது. டிரான்ஸ்பாண்டர், அதாவது நம்ம ஃபாஸ்டேக் மாதிரி ஒரு கருவி, இல்லாத வண்டிக்கு நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து வீட்டுக்கு பில் அனுப்பிவிடுவார்கள். அந்த பில்லைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும், அது வேறு விஷயம். ஏறுவதற்கு முன்பே இது காசு ரோடு என்று போர்டு சொல்லிவிடும். வேண்டாம் என்றால் காசில்லாத 401 ரோட்டில் நெரிசலில் ஊர்ந்து போகலாம்.

இதை மாமா பையனிடம் சொன்னேன். “நீங்க போர்டைப் பார்த்து ஓட்டுறீங்க அத்தான், நாங்க முன்னால போற வண்டியப் பார்த்து ஓட்டுறோம்” என்றான். டபுள் கட்டியவன் அவன்தான்.