ஷட்டர் சாக்கெட்டா, பிளாஸ்டிக் மூடியா?

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் தரையோரமாக இருக்கும் பிளக் பாயின்ட்தான் முதல் கவலை. மூடி மலிவு; வாங்கி அழுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் செல்போனுக்கு சார்ஜ் போடக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்தால் பாதுகாப்பு போச்சு. லூசான மூடியைக் குழந்தையே பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஷட்டர் சாக்கெட்டில் யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஃபேஸ், நியூட்ரல் துளைகளுக்குள் ஒரு தடுப்பு இருக்கும். சில வகைகளில் நீளமான எர்த் பின் முதலில் உள்ளே போனால்தான் அது விலகும். சிலவற்றில் இரண்டு துளைகளிலும் ஒரே நேரத்தில் அழுத்தம் விழ வேண்டும். ஒரு துளையில் மட்டும் ஹேர்பின்னை விட்டால் திறக்காது. டூ பின் பிளக் நுழையவில்லை என்று எர்த் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைப் பார்க்கும் குழந்தையும் அப்படியே செய்யும்.

சொந்த வீடென்றால் ஷட்டர்தான், யோசிக்கவே வேண்டாம். வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்கும்வரை இறுக்கமான மூடி போடலாம். அப்புறம், கிரைண்டரில் கரண்ட் கசிந்தால் இரண்டுமே காப்பாற்றாது. அதற்குச் சரியான எர்த்தும், கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) சுவிட்சும் வேண்டும்.