மஜென்டோ 1-ல பத்து வருசம் பாய் வித்த கணக்கு

2014-ல ஆரம்பிச்சு 2023 டிசம்பர் வெள்ளம் வரைக்கும் ஒரே சாஃப்ட்வேர்லதான் நம்ம ஆன்லைன் கடை ஓடுச்சு. மஜென்டோ 1.9. பத்தமடை பாய், உடன்குடி கருப்பட்டி, காருகுறிச்சி மண்சட்டி, அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, இதான் சரக்கு. வாங்குதவங்க பாதிப்பேரு சென்னை, பெங்களூர்ல இருக்க நம்ம திருநெல்வேலி ஆளுங்க. சாஃப்ட்வேர் ஓசி, மச்சினன் லீவுக்கு வந்திருந்தப்போ உக்காந்து போட்டுக் குடுத்தான், சைட்டு இருக்க சர்வருக்கு வாடகை, அதான் ஹோஸ்டிங், மாசம் 450 ரூவா, கடை வாடகையவிட கம்மின்னு கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாத்துலயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்த வாய்க்காகத்தான் இப்ப இத எழுதுதேன்.

சாஃப்ட்வேர குத்தம் சொல்ல வரல. மொத நாலு வருசம் அருமையா ஓடுச்சு. 2015-லயே மஜென்டோ 2 வந்துட்டு, 2020 ஜூன் 30-க்கு மேல பழசுக்கு ஒரு அப்டேட்டும் கிடையாதுன்னு முன்கூட்டியே அறிவிச்சும் போட்டாங்க. 2018-ல பாளையங்கோட்டைப் பையன் ஒருத்தன் வந்து பாத்துட்டு, அண்ணாச்சி மாத்திருவோம், 1,20,000 ஆகும்னான். ஓடுத வண்டிய எதுக்குல பிரிக்கணும்னு காப்பி வாங்கிக் குடுத்து அனுப்பிட்டேன்.

மொத அடி ஹோஸ்டிங்ல. மஜென்டோ ஓடுதது பிஹெச்பிங்குற கம்ப்யூட்டர் மொழில, நம்ம சைட்டு ஓடுன பிஹெச்பி 5.6-க்கு 2018 டிசம்பர் 31-ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, கொஞ்ச நாள்ல ஹோஸ்டிங்காரங்க பழைய பிஹெச்பிய எடுக்கப்போறோம்னு மெயில் போட்டாங்க. புதுசுக்கு மாத்திப் பாத்தா வெள்ளைப் பக்கம்தான் வருது, ஏன்னா 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி பிரிச்சு பில் போட 22,000 குடுத்து ஒருத்தர்ட்ட எழுதி வாங்குன மாட்யூல், அதான் சாஃப்ட்வேரோட சேத்துக்குத துண்டு, இருக்குல்லா, அது புது பிஹெச்பில ஓடல, எழுதுனவரு போனையும் எடுக்கல. சரி, பழசு வேணும்னா தனி சர்வர் எடுத்துக்கோங்கன்னாங்க, மாசம் 3,800. எடுத்தேன். மஜென்டோ 1 தெரிஞ்ச ஆளு தேடுனது தனிக் கதை, இன்னைக்கு கமலை இறைக்க ஆளு தேடுத மாதிரிதான். தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரனுக்கு வேலை பாக்கான், மணிக்கு டாலர்ல கேக்கான்.

அடுத்தது பணம் வாங்குதது. ரெண்டு சர்வர் பூட்டு போட்டு ரகசியமா பேசிக்குத முறைக்கு டிஎல்எஸ்னு பேரு, பேமென்ட் மாட்யூல்ல அதுல பழசான டிஎல்எஸ் 1.0-தான்னு கோடுலயே நேரா எழுதி வச்சிருந்திருக்கு. பேமென்ட் கம்பெனிக்காரங்க அந்தப் பழச அடைச்சதும், கஸ்டமருக்குக் காசு போயிரும், ஆனா பணம் வந்துட்டான்னு நம்ம சைட்டு அங்க கேட்டு உறுதி பண்ண முடியாது, ஆர்டர் பெண்டிங்லயே கிடக்கும். ரெண்டு வாரம் எனக்கே தெரியல. வியாபாரம் டல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்! அத ஒட்டுப்போட்டு சரி பண்ணுனா, அடுத்து எல்லாரும் யூபிஐக்கு மாறிட்டாங்க, பழைய மாட்யூல்ல அது கிடையவே கிடையாது. அதனால ஜிபே நம்பரு குடுத்து வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னோம். கடைல வேலை பாக்குற அக்கா தினமும் காலைல உக்காந்து ஸ்கிரீன்ஷாட்டையும் பேங்க் மெசேஜையும் ஆர்டரையும் பக்கத்துல வச்சு ஒண்ணொண்ணா டிக் அடிப்பாவ, பொறவு எக்ஸெல்ல ஏத்துவாவ. ரெண்டரை மணி நேரம். ஒருத்தன் தேதிய மாத்தி பழைய ஸ்கிரீன்ஷாட்டையே அனுப்பி 7,000 ரூவா பாய வாங்கிட்டுப் போயிட்டான், அது தெரிஞ்ச அன்னைக்கு அக்கா அழுதுட்டாவ.

இதவிட மறக்க முடியாதது கல்யாணப் பாய். பத்தமடைல மாப்பிள்ளை பொண்ணு பேரு, கல்யாணத் தேதியெல்லாம் பாய்லயே நெய்து குடுப்பாங்க, நயம் பாய்னா கோரைய ஆத்துத் தண்ணில ஊறப்போட்டு, சீவி, சாயம் ஏத்தி நெய்து முடிக்க வாரக்கணக்காவும். சைட்ல பேரு எழுத ஒரு கட்டம் வச்சிருந்தோம். ஒரு ஆர்டர் வந்துச்சு, பொண்ணு பேரு மட்டும் இருக்கு. அதையே நெய்யக் குடுத்துட்டோம். பார்சல் போன அன்னைக்கு ராத்திரி போன் வருது, "மாப்பிள்ளை எங்கங்க?"ன்னு. என்னன்னு பாத்தா, அந்தப் பிள்ளை ரெண்டு பேருக்கும் நடுவுல ரெட்டை இதய எமோஜி ஒண்ணு போட்டிருக்கு. பழைய டேட்டாபேஸ் எழுத்த சேத்து வைக்குத முறைக்கு யுடிஎஃப்8-ன்னு பேரு வச்சிருந்தாலும் ஒரு எழுத்துக்கு மூணு பைட் வரைக்கும்தான் எடுக்கும், அந்த எமோஜிக்கு நாலு பைட் வேணும், அது வந்த இடத்துலயே வெட்டிட்டு பின்னால இருக்கத பூரா சத்தம் காட்டாம தூரப் போட்டுருது. எர்ரரும் வரல. மாப்பிள்ளை அப்படிக் காணாமப் போயிட்டாரு. முகூர்த்தத்துக்கு ஒம்பது நாளு. சாதாப் பாய்ல பேரு போட்டு பஸ்ல ஆள் மூலமா குடுத்துவிட்டோம், முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்தேன், ஒத்தப் பேரு பாய் இன்னும் எங்க வீட்டுப் பரண்லதான் இருக்கு.

ஹேக் பண்ணுனதையும் சொல்லிருதேன். 2020 செப்டம்பர்ல ஒரே வாரக்கடைசில ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கொறைய மஜென்டோ 1 கடைல புகுந்து கார்டு நம்பரு திருடுத கோட வச்சானுவ. நம்ம சைட்ல கார்டு நம்பரு வாங்குததில்ல, அதனால நமக்கென்னன்னு இருந்தேன். அடுத்த வருசம் ஒரு அண்ணாச்சி கூப்பிட்டு "உங்க கடைய கூகுள்ல தேடுனா ஜப்பான்காரன் எழுத்துல என்னமோ வருதே வே, ஏற்றுமதி ஆரம்பிச்சிட்டீரா"ன்னு கேக்காரு. நம்ம சைட்லயும் எவனோ புகுந்து குப்பைப் பக்கமா போட்டு வச்சிருக்கான். துடைச்சு எடுக்க 15,000.

இப்ப கடைல இருந்த ஒரு லேப்டாப் கதைக்கு வாரேன். மஜென்டோ 1-ல பொருளு போட்டோ ஏத்துத இடம் ஃபிளாஷ்ல செஞ்சது, பிரவுசர்ல சேத்து ஓட்டுத பழைய சாஃப்ட்வேர் அது. 2016-லயே அத மாத்தி பேட்ச், அதான் ஒட்டுப்போடுத அப்டேட், விட்டிருக்காங்க, நான் போடல, போட்டா ஜிஎஸ்டி மாட்யூல் படுத்துருமோன்னு பயம். 2020 கடைசில ஃபிளாஷ் செத்துட்டு, புது பிரவுசர் எதுலயும் ஓடாது. கடைல ஒரு விண்டோஸ் 7 லேப்டாப் கிடந்துச்சு, பழைய பிரவுசர், பழைய ஃபிளாஷ், அப்டேட்ட பூரா அமத்தியாச்சு, அதுல மட்டும் ஓடுச்சு. பேட்டரி கிடையாது, சார்ஜர் வயர ஒரு கோணத்துல வளச்சு ரப்பர் பேண்ட் போட்டா உயிர் வரும். யாரையும் தொட விடமாட்டேன். மூணு வருசம் கடைக்கு புதுசா வந்த ஒவ்வொரு படமும் அது வழியாத்தான் போச்சு.

2023 டிசம்பர் 17 ஞாயித்துக்கிழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன அந்த மழைதான். ஜங்ஷன் பக்கம் எங்க ஆபீஸ்ல இடுப்பளவு தண்ணி. கருப்பட்டி பூரா கரைஞ்சு போச்சு, பாய் நனைஞ்சு போச்சு, லேப்டாப்பும் போச்சு. நாலாம் நாள் சேறு அள்ளும்போது அக்கா அத எடுத்து வெயில்ல வச்சாவ, வடகம் காயப்போடுத மாதிரி.

பொங்கலுக்கு மூணு வாரம்தான் இருக்கு, காருகுறிச்சிலருந்து புதுப் பொங்கப்பானை வந்திறங்குது, ஒரு போட்டோ ஏத்த வழியில்ல. (எக்ஸெல் மாதிரி பட்டியல் ஃபைலு, சிஎஸ்வி, அத வச்சு ஏத்திருக்கலாம்னு பொறவு அந்தப் பாளையங்கோட்டைப் பையன் சொன்னான், பொறவு சொல்லி என்ன.) அந்தப் பொங்கல் ஆன்லைன்ல பானை விக்கல.

தை மாசம் நோட்ட எடுத்து எழுதிப் பாத்தேன். தனி சர்வருக்கு கூடுதலா போனது மாசம் 3,350, அஞ்சு வருசத்துக்கு 2,01,000. அக்கா சம்பளம் 12,000, எட்டு மணி நேரத்துல ரெண்டரை மணி டிக் அடிக்கவே போச்சுன்னா மாசம் 3,750, அது நாலு வருசத்துக்கு 1,80,000. இத எந்தக் கணக்குலயும் சாஃப்ட்வேர் செலவுன்னு நான் எழுதுனதே இல்ல, சம்பளம்னுதான் எழுதிருக்கேன். மாட்யூலு, துடைச்சது, திருட்டுப் பாய், கல்யாணப் பாய் எல்லாம் தனி. பெண்டிங்ல நின்னு அலுத்து வேற கடைக்குப் போனவங்கள எப்படி எண்ண?

அந்தப் பையனையே கூப்பிட்டு வூகாமர்ஸ்ங்குற வேற கடை சாஃப்ட்வேருக்கு மாத்தியாச்சு, 85,000-ல முடிஞ்சுது. நோவு இல்லாம இல்ல. பழைய கஸ்டமரெல்லாம் புதுசா பாஸ்வேர்டு போடணும், பாய் பக்கத்தோட பழைய லிங்க்க புதுசுக்குத் திருப்பிவிட மறந்துட்டோம், ரெண்டு மாசம் கூகுள்ல கீழ கிடந்தோம். பிளக்இன், அதான் இதுல மாட்யூலுக்குப் பேரு, அதுக்கு அப்டேட் பாக்க அவனுக்கு மாசம் 2,500 குடுக்கேன், வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா 2025 செப்டம்பர் 22 ஜிஎஸ்டி ரேட்டு மாறுனப்போ அக்காவே காப்பி குடிச்சுக்கிட்டே மாத்திட்டாவ. எமோஜி நாலு போட்டாலும் ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருதாங்க.

பழைய சர்வர மட்டும் இன்னும் நிறுத்தல. பழைய பில்லெல்லாம் அதுலதான் இருக்கு, ஜிஎஸ்டிக்கு வருசக்கணக்கா வச்சிருக்கணும்லா, எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்கித் தாரேன்னு பையன் சொல்லிருக்கான். இந்த மாசமும் 3,800 கட்டியாச்சு.