ஏற்காட்டில் நோன்யா சாப்பாடு, தலைக்கு 850 ரூபாய்

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் ஒரு ஹோம்ஸ்டேயில், முதல் நாளே சொல்லிவைத்தால் பெரனாக்கன் சாப்பாடு செய்து தருகிறார்கள் என்று நண்பன் சொன்னதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். போர்டில் 'சைனீஸ், மலாய்' என்று இருந்ததைப் பார்த்துப் பையன் ஃப்ரைடு ரைஸ் கேட்டுவிட்டான். சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த அக்காதான் சமையல். "அது வேற தம்பி, இது வேற" என்று சிரித்தார்.

வேறதான். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூருக்கு வியாபாரத்துக்கு வந்து, அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட சீனர்களின் வழிவந்தவர்கள்தான் பெரனாக்கன்கள். ஆண்கள் பாபா, பெண்கள் நோன்யா, சமையல் பெண்கள் பேரில். (மலாக்கா செட்டிகள் என்று நம்மாட்களுக்கும் இப்படி ஒரு கிளை அங்கே உண்டு.) புளிக்கவைத்த சோயா விழுது சீனப் பக்கத்துச் சரக்கு, தேங்காய்ப்பால், புளி, எலுமிச்சைப்புல், பேரரத்தை, பெலாச்சான் என்கிற இறால் விழுது எல்லாம் மலாய்ப் பக்கம்.

முதலில் பை டீ வந்தது. மொறுமொறு கிண்ணத்துக்குள் வதக்கிய காய்த் துருவல், மேலே ஓர் இறால். ஒன்றை வாயில் போட்டதும் என் மனைவி "நம்ம தட்டுவடை செட்டு மாதிரியே இருக்கு" என்றாள். அதற்கப்புறம் எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை, ஆனால் தட்டுவடைக்கு நடுவில் வைக்கிற பீட்ரூட்டும் சட்னியும் இல்லாத குறை எனக்கு மட்டும்தான்.

லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்புதான் ஏமாற்றம். தேங்காய்ப்பால் ஊற்றிய வகை (பினாங்குக்காரர்கள் மீனும் புளியும் போட்டுப் பால் இல்லாமல் செய்வார்கள்), மசாலா கல் உரலில் இடித்தது, நன்றாகவே வதங்கியிருந்தது. ஆனால் மேலே தூவ வேண்டிய லக்சா இலை கிடைக்கவில்லை என்று மல்லித்தழையைப் போட்டுவிட்டார், அந்த வாசனையில் பாதி லக்சா நம்ம ஊர்க் குருமா ஆகிவிட்டது. நூடுல்சும் குழைந்திருந்தது.

கோழி போங்தே அதற்கெல்லாம் ஈடு கட்டியது. சோயா விழுது, பூண்டு, கருப்பட்டி மாதிரியான தென்னஞ்சர்க்கரை, உருளைக்கிழங்கு. அங்கே பன்றிக்கறியிலும் செய்வார்கள். காரமே இல்லை, குழம்பு கெட்டியாக, உப்பும் இனிப்புமாக. கையால் பிசைந்தே சாப்பிட்டோம், அந்த வீடுகளிலும் பழைய பழக்கம் அதுதானாம்.

கடைசியில் ஜவ்வரிசி, தேங்காய்ப்பால், மேலே அதே சர்க்கரைப் பாகு. அங்கே ஜவ்வரிசி பனை மாதிரியான ஒரு மரத்தின் உள்தண்டு மாவிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்தச் சரக்கு வராமல் போனதால்தான் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கில் செய்யவே ஆரம்பித்தோம். இப்போது அவர்கள் பலகாரத்தை நம் ஜவ்வரிசியில் நம் மலையிலேயே தின்கிறேன். இரண்டு கிண்ணம்.

லக்சா வேண்டாம், போங்தேயும் ஜவ்வரிசியும் மட்டும் போதும் என்று போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். போகிற வழியில் கொஞ்ச தூரம் மண் பாதை, மழை என்றால் கார் சறுக்கும்.