ரீஃப் தொட்டி தொடங்குபவர்கள் கவனிக்கவும்: உப்பிலும் மணலிலும் 14,600 ரூபாய் போனது

நேற்று இரவு, எனக்கு உப்பும் மணலும் விற்ற கடைக்காரர் என் கைபேசி எண்ணைத் தடுத்துவிட்டார் என்பதால், இனி அவரிடம் தனியாகக் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் உப்பையும் அடிமணலையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடமிருந்து போனது 14,600 ரூபாய்: 20 கிலோ ரீஃப் உப்புக்கு (பவளத் தொட்டிக்காகக் கடல்நீரின் தாதுக்களோடு தயாரிக்கும் உப்பு) 6,200, 25 கிலோ அரகோனைட் மணலுக்கு (கால்சியம் கார்பனேட் மணல்) 7,500, தொட்டி நீரில் சேர்க்கும் பாக்டீரியா புட்டி ஒன்றுக்கு 900. கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. சென்னையில் வண்ணமீன் கடைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு பகுதியில் கடை வைத்துக்கொண்டு, வலைத்தளக் குழுக்களிலும் விற்பவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவரை நான் நம்பியதற்குக் காரணம், அவரே ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எனக்கு எச்சரிக்கை செய்ததுதான். சமையல் உப்பைக் கரைத்து ரீஃப் உப்பு என்று விற்பவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள், கடற்கரை மணலை அலசிப் பொட்டலம் போடுகிறார்கள், புதிதாக வருபவர்கள்தான் அவர்களுக்கு இரை என்று வருத்தத்தோடு பேசினார். பிறகு ஒரு குவளை நீரில் உப்பைக் கரைத்து அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, கடல்நீருக்குரிய 1.025 என்று காட்டினார். மேசையில் இருந்த கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு கரண்டி மணலை எடுத்து அதன்மேல் வினிகரை ஊற்ற, கால்சியம் கார்பனேட் மணலுக்கு உரியபடி அது நுரைத்துப் பொங்கியது. பின்னால் விளக்கொளியில் பவளங்கள் விரிந்திருந்த தொட்டியைக் கைகாட்டி, "சார், இதே உப்பு, இதே மணல்தான் அதிலும் போட்டிருக்கிறேன்" என்றார். நான் அங்கேயே நின்று செயலி வழியாகப் பணம் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தவை வெள்ளைச் சாக்கில் பிரித்துக் கட்டிய உப்பும், பெயரில்லாத பையில் மணலும். பெரிய மூட்டையைப் பிரித்துச் சிறிதாகத் தந்தால்தான் விலை கட்டுப்படியாகும் என்பது அவருடைய விளக்கம்.

வாளியில் கரைத்த முதல் நாளே அடியில் சாம்பல் நிற வண்டல் படிந்தது. இந்தத் துறையில் பழகிய நண்பர் ஒருவர் தம்முடைய டெஸ்ட் கிட்டுகளோடு (நீரைச் சோதிக்கும் பெட்டிகள்) வந்து பார்த்தார். இயல்பான கடல்நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மெக்னீசியம் ஏறத்தாழ 1,300 மில்லிகிராம், காரத்தன்மை 7 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டும். என் தொட்டியில் கால்சியம் நூறைக்கூடத் தொடவில்லை, மெக்னீசியமும் பெயரளவுக்குத்தான் இருந்தது. இது உப்பளத்து உப்பு என்று நண்பர் உடனே சொல்லிவிட்டார். பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் (கால்சியம் சல்பேட்) படிந்து பிரிந்துவிடுகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு விளைகிறது. மெக்னீசியத்தின் பெரும்பகுதி வெளியேற்றப்படும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. மரக்காணத்திலோ தூத்துக்குடியிலோ விளையும் உப்பு சமையலுக்கு அருமையானது, ஆனால் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையானவை அதில் இல்லை. ஹைட்ரோமீட்டர் அடர்த்தியை மட்டுமே காட்டும் கருவி என்பதால், எந்த உப்பைக் கரைத்தாலும் 1.025 வரத்தான் செய்யும். அந்தக் குவளை வித்தை எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது.

மணலின் கதை இதைவிட மோசம். பையின் மேல்பகுதியில் இருந்த ஓரிரு கிலோ மட்டும் வினிகரில் நுரைத்தது; கீழே இருந்தது அசையாமல் கிடந்தது. கண்ணாடியைத் துடைக்கும் காந்தத்தில் கருநிறத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, புதிய கண்ணாடியில் கோடு கிழித்தன. சிலிக்கா மணலில் தொட்டி நடத்துபவர்கள் உண்டு, அது நஞ்சு ஒன்றும் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரகோனைட் என்பது கால்சியம் கார்பனேட், மணற்படுகையில் பி.எச். இறங்கும்போது சிறிது கரைந்து காரத்தன்மைக்குக் கைகொடுக்கும் என்பதற்காகத்தான் கிலோ 300 ரூபாய் கொடுத்தேன். நீர் வடிகட்டிக்குப் போடும் மணலுக்கு யாராவது அந்த விலை கொடுப்பார்களா? காய்ந்த பையில் இருந்ததை "உயிருள்ள மணல்", அதாவது நல்ல பாக்டீரியா வாழும் ஈர மணல், என்று வேறு எழுதிக் கொடுத்திருந்தார்.

கேட்டபோது கிடைத்த பதில்கள் நாளுக்கு ஒரு விதமாக இருந்தன. முதலில், தொட்டி இன்னும் சைக்கிள் ஆகவில்லை (கழிவை மாற்றும் பாக்டீரியா இன்னும் பெருகவில்லை), நாலைந்து வாரம் பொறுங்கள் என்றார். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதற்குத்தான் அந்த வாரங்கள் தேவை, இல்லாத கால்சியம் காத்திருந்தால் வந்துவிடாது என்று சொன்னதும், டெஸ்ட் கிட் காலாவதியாகியிருக்கும் என்றார். புதிய கிட்டின் அளவைப் படம் எடுத்து அனுப்பினேன். ஈரக்கையால் உப்பை அள்ளியிருப்பீர்கள் என்று குரல் பதிவு வந்தது. பிறகு கடைப் பையன் ஒருவர் தொடர்புகொண்டு, கால்சியமும், காரத்தன்மையைக் கூட்டும் பஃபர் தூளும் 3,200 ரூபாய்க்குத் தருவதாகவும் அவற்றைச் சேர்த்தால் எல்லாம் சரியாகும் என்றும் சொன்னார். 14,600 ரூபாயை விழுங்கியது போதாதென்று இதுவும்! நேரில் போனபோது கடைக்காரர், பிரித்த மூட்டையைத் திரும்பப் பெறுவதில்லை என்று கைவிரித்தார். மேசையில் இருந்த அந்த ஜாடியிலிருந்து ஒரு கைப்பிடி கொடுங்கள், பையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டேன். வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். அந்த வாடிக்கையாளரிடமும் ஹைட்ரோமீட்டரைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. தொகுதி எண்ணோடு முத்திரை உடையாத பையில் வரும் உப்பை மட்டும் வாங்குங்கள். முதல் வாளியிலேயே கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை மூன்றையும் அளந்து பாருங்கள். ஆர்.ஓ.வோடு டி.ஐ. வடிகட்டியும் (மிச்ச அயனிகளையும் நீக்குவது) கடந்த, டி.டி.எஸ். (கரைந்துள்ள திடப்பொருளின் அளவு) பூச்சியம் காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். கேன் தண்ணீர் வேண்டாம். மணலை வினிகரில் சோதிப்பதானால் பையின் அடியிலிருந்து எடுங்கள். அப்போதும் சலவைக்கல் தூள் நுரைக்கும் என்பதை மறக்காதீர்கள். ராமேஸ்வரத்துப் பவளச் சில்லு என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள், நம் கடலின் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன், ஆனால் என் ரசீதில் "மீன்தொட்டிப் பொருட்கள், 14,600" என்று மட்டுமே இருக்கிறது. உப்பின் பிராண்டையும் மணலின் வகையையும் ரசீதில் எழுதித் தராத கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.