அவசரப் பிரிவுப் பதிவிலிருந்து நோய்ப்பரவல் எச்சரிக்கை: கொடைக்கானலில் ஓராண்டுப் பயன்பாடு

கொடைக்கானலில் நான் பணியாற்றும் சிறிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், அங்கு வருவோரின் பதிவை வைத்தே நோய்ப்பரவலை முன்கூட்டி அறிவிக்கும் மென்பொருள் ஒன்றைச் சென்ற ஆண்டு ஏப்ரலில் நிறுவினோம். ஒரு சீசன், ஒரு மழைக்காலம், மீண்டும் ஒரு சீசன் என நாள்தோறும் அதைப் பயன்படுத்திய பதிவுப் பொறுப்பாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வகை மென்பொருளை வாங்க எண்ணும் மற்ற மலையூர் மருத்துவமனைகளுக்கு, எதைச் சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே பயன்படும்.

நோயாளி வந்ததும் "என்ன தொந்தரவு?" என்று கேட்டு எழுதும் ஒற்றை வரியைத்தான் இம்மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. அதைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தோல் தடிப்பு முதலிய தொகுதிகளில் ஒன்றில் சேர்த்து, இன்றைய எண்ணிக்கையை முந்தைய நாள்களோடு ஒப்பிடுகிறது. ஒப்பிடும்போது கடைசி இரண்டு நாள்களை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஏழு நாள்களையே அளவுகோலாகக் கொள்கிறது. மெல்ல மெல்ல ஏறும் நோய் தானே சராசரியை உயர்த்திவிட்டு அதற்குள் மறைந்துகொள்ளக் கூடாது என்பதே இதன் காரணம். எண்ணிக்கை அந்தச் சராசரியிலிருந்து வழக்கமான விலகலைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால் திரையில் சிவப்பு விழும்.

இந்த முறை புதிதன்று. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1999-இல் உருவாக்கத் தொடங்கிய இத்தகைய அமைப்பு, 2002-இல் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின்போது, வெளியூர்க் கூட்டம் நிரம்பிய ஒரு மலைநாட்டு நகரில் பயன்படுத்தப்பட்டது. நம் நாட்டில் 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும், 2021-இல் 33 நோய்நிலைகளுடன் வந்த அதன் இணையத் தளமும் உள்ளன. ஆனால் அத்திட்டத்துக்காக மருத்துவர் நிரப்பும் பி படிவத்தில் இன்ன நோயாக இருக்கலாம் என்ற கணிப்பு வேண்டும், எல் படிவத்தில் ஆய்வக முடிவு வேண்டும். நாங்கள் வாங்கியது அதற்கு மாற்று அல்ல. நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே உள்ள சில மணி நேரங்களைப் பயன்படுத்திக்கொள்வதற்கான கருவி.

முதல் இரண்டு மாதம் அது எங்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. ஜூன் மாதத்தில் ஒரு நள்ளிரவு, பூம்பாறைப் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய், "ராத்திரியிலிருந்து வயித்தால போகுது சிஸ்டர், நிக்கவே மாட்டேங்குது" என்றார். பணியிலிருந்த செவிலியர் அச்சொற்களை அப்படியே தட்டச்சு செய்தார். மறுநாள் காலை நான் திறந்து பார்த்தபோது, 'வயி' என்ற எழுத்துகளைக் கண்ட மென்பொருள் அக்குழந்தையை வயிற்றுவலித் தொகுதியில் சேர்த்திருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினேன். "பேதியாகுது", "வயிறு கழியுது", "தண்ணியா போகுது" என்று வந்தவர்கள் எல்லாம் 'பிற' என்ற தொகுதியில் கிடந்தார்கள். வயிற்றுப்போக்கு என்ற ஏட்டுச்சொல்லை நோயாளி எவரும் சொல்வதில்லை. கருவியோ அந்த ஒன்றை மட்டுமே அறிந்திருந்தது. நான் பழைய பதிவேடுகளிலிருந்து எழுதி அனுப்பிய சொற்பட்டியலை நிறுவனம் சேர்த்துத் தர ஏழு வாரம் எடுத்துக்கொண்டது. சேர்த்த பிறகே இதை நம்பத் தொடங்கினேன். வாங்குமுன் உங்கள் பதிவேட்டிலிருந்து நூறு வரிகளை அப்படியே கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரித் தரவை ஏற்காதீர்கள்.

சொல்லைவிட எனக்குக் கவலை தந்தது இடம். மென்பொருள் நோயாளியின் வீட்டு அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து வரைபடத்தில் புள்ளி வைக்கிறது. பண்ணைக்காட்டுக்காரர் பண்ணைக்காட்டிலேயே நோயுறுகிறார், அவருக்கு அது சரி. சீசனில் வருகிறவருக்கு? மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கரூரிலிருந்து வேனில் வந்த ஒரே குடும்பத்தினர் சிலரும், விருதுநகர்த் தம்பதியும், இரண்டு விடுதிப் பணியாளர்களும் வாந்தியும் பேதியுமாக வந்தார்கள். வரைபடத்தில் அவர்கள் மூன்று ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள், எச்சரிக்கை விழவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரே விடுதியில் தங்கியவர்கள் என்பதை இரவுப்பணிச் செவிலியர்தான் பேச்சுவாக்கில் கேட்டறிந்தார். சுகாதார ஆய்வாளர் சென்று, நீரிலுள்ள குளோரினை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தபோது, அவ்விடுதித் தொட்டி நீரில் குளோரின் நிறமே தெரியவில்லை. அதன்பின் "கடந்த மூன்று நாள்களாக எங்கே தங்கினீர்கள்?" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொன்னோம். அதைச் செய்து கொடுத்தார்கள் என்பதற்காக அந்நிறுவனத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஊருக்குத் திரும்பியபின் நோயுற்று மதுரையில் அனுமதிக்கப்படுபவர் எங்கள் கணக்கில் வரவே மாட்டார். 2024 மே முதல் இ-பாஸ் பெற்றுத்தான் மலையேறுகிறார்கள் என்றாலும், அப்பதிவும் மருத்துவமனைப் பதிவும் ஒன்றையொன்று அறியா.

சீசனில் எல்லா வகை நோயாளிகளும் பெருகுவதால், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏப்ரல், மே முழுவதும் திரை சிவந்தே இருக்கும். அன்று வந்த மொத்த நோயாளிகளில் எத்தனை விழுக்காடு என்று கணக்கிடும் அமைப்பும் உள்ளே உண்டு, ஆனால் அது அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. நவம்பர் மழையில் வேறு சிக்கல்: அளவுகோலான ஏழு நாளும் ஒருவர்கூட மூச்சுத்திணறலோடு வராதிருந்து இன்று இருவர் வந்தால் அதற்கும் எச்சரிக்கை அடிக்கிறது. குறைந்தபட்ச எண்ணிக்கையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். மழையில் இணையம் போனாலும் பதிவு உள்ளேயே சேமிக்கப்பட்டுப் பின்னர் ஏறிவிடுகிறது, இதில் குறையில்லை.

எண்ணி அறியும் கருவிக்கு எட்டாதவையும் உண்டு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வைரஸை ஐயுற்றவர்கள், ஒரே குடும்பத்தின் இரண்டாம் நோயாளியைப் பார்த்த மருத்துவர்கள். குறைந்தபட்ச எண்ணிக்கையை வகுத்துவிட்ட பின் இரண்டு பேரை வைத்து எந்த வரைபடமும் சிவக்காது. உண்ணிக்காய்ச்சலில் கடிபட்ட இடத்தில் உண்டாகும் கருந்தழும்பு அக்குளிலோ இடுப்பிலோ ஆடைக்குள் மறைந்திருக்கும். பதிவு வரியில் வெறும் காய்ச்சல் என்றே வரும். "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து எங்களிடம் எவரும் வருவதே இல்லை. இதற்காகக் கூக்கால், மன்னவனூர் கிராமங்களுக்குச் செல்லும் செவிலியர்களும் கைப்பேசியிலிருந்தே ஒரு வரி பதிவிட வழி வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.

இரண்டாம் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டோம். காலை எட்டு மணிக்குத் திரையைப் பார்க்கவும், சிவப்பு விழுந்தால் உடனே சுகாதார ஆய்வாளரை அழைக்கவும் பெயர் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்க முடிகிற மருத்துவமனைக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அந்தப் பணத்துக்கு இரவுப்பணிக்கு இன்னொரு செவிலியரை அமர்த்துவதே மேல்.